டர்போ என்று யார் முதலில் சொல்வது

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது அவர் வேலை, புளி வாங்குவது என் வேலை. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியிருக்கும் ஊர்களில் மாசி மாதம் புளி உலுக்க ஆரம்பித்தால், பங்குனி முடியும் வரை வாரத்தில் பாதி நாள் நாங்கள் மலைமேல்தான் இருப்போம். போளூரிலிருந்து போகும்போது உப்பு மூட்டை, மளிகை, சிமெண்ட் என்று யாராவது ஏற்றிவிடுவார்கள். திரும்பும்போது புளி. கையில் எடுத்து ஒரு அழுத்து அழுத்தினாலே அதில் கொட்டை எவ்வளவு, ஓடு எவ்வளவு, எடை கூட்டத் தண்ணீர் தெளித்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரிந்துவிடும். அவருக்கு அது வராது. யார் எதைக் காட்டினாலும் நல்ல புளி என்பார். அதனால்தான் கல்யாணமான மறு வருஷமே நான் லாரியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். லாரி கேபினில் ஒரு பொம்பளை உட்கார்ந்து போவதை வேடிக்கை பார்க்க அப்போது போளூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கூட்டமே நிற்கும். கொஞ்ச நாளில் அவர்களுக்கே சலித்துப்போனது.

நான் சொல்ல வந்தது எண்பதுகளின் கடைசியில் நடந்தது. பழைய லாரியைத் தள்ளிவிட்டு வேறொன்று வாங்கினோம். அதுவும் பழையதுதான். ஆனால் அதன் எஞ்சினில் டர்போ இருந்தது. எங்கள் பக்கத்தில் அப்போது அந்தப் பேரையே யாரும் கேட்டதில்லை. எஞ்சினின் விலாவில் நத்தை ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு இரும்புச் சாமான். வெளியே போகிற புகையின் வேகத்தில் அதற்குள் ஒரு விசிறி சுற்றும்; அது சுற்றச் சுற்ற எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும். மூட்டையோடு மலை ஏறும்போது வண்டி மூச்சு வாங்காது. சுற்றும்போது அது ஒரு விசில் அடிக்கும். அவர் அந்த வண்டியை வாங்கியது இழுவைக்காகவா, விசிலுக்காகவா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

வாங்கும்போது ஒரு காரியத்தில் தவறிவிட்டார். மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

மேஸ்திரி என்றால் எங்கள் மெக்கானிக். போளூரில் ரயில்வே கேட் பக்கம் பட்டறை வைத்திருந்தார். முன்னால் பட்டறை, பின்னால் வீடு. நல்ல உயரம், முறுக்கிய மீசை, வெள்ளைச் சட்டை. கிரீஸும் ஆயிலும் வழிகிற வேலையில் வெள்ளைச் சட்டை போட்ட மெக்கானிக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சாயங்காலம் வரை அதில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. அதைப் பத்துப் பேரிடம் காட்டாமல் வீட்டுக்குள் போகவும் மாட்டார். "வண்டி கேட்டு தாண்டும்போதே அதுக்கு இன்னா நோவுன்னு சொல்லிடுவேன்" என்பார். சும்மா சொல்லமாட்டார், டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். அதனால் என் வீட்டுக்காரர் அவருக்கு மாப்ள, அவர் இவருக்கு மச்சான். எங்கள் வண்டியில் ஒரு நட்டைக்கூட வேறு யாரும் தொட்டதில்லை.

வண்டி வாங்கிய அன்றைக்கு மேஸ்திரி திருப்பத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். புரோக்கர் அவசரப்படுத்தினான். இவர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் வண்டியை மாலையோடு கொண்டுபோய்ப் பட்டறை முன்னால் நிறுத்தினோம். மேஸ்திரி பானெட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள இது? எஞ்சின் பக்கத்துல நத்த ஒட்டிக்கினு கீது?"

"டர்போ மச்சான். ஏத்தத்துல பிச்சிக்கினு போவும்."

"யாரக் கேட்டு வாங்கின?"

"உன்னத் தேடி ஆள் அனுப்பினேன். நீ கல்யாணத்துக்குப் போய்ட்ட."

"கல்யாணம் முடிஞ்சி வரமாட்டனா? அதுக்குள்ள வண்டி எங்க ஓடிப் பூடும்?"

அதோடு விட்டிருக்கலாம். இவர் விடவில்லை. "உனக்கு டர்போவப் பத்தித் தெரியாது, அதான் கோவம் வர்து" என்றார். டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி பானெட்டை மெதுவாக மூடினார். சத்தமாக மூடியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"இது ரொம்ப நாளு தாங்காது. அன்னிக்கு வந்து, மச்சான் டர்போ பூட்ச்சின்னு என் முன்னாடி நிக்காத."

"நிக்கமாட்டேன். உன் முன்னாடி டர்போன்னு வாயத் தொறந்தா என்ன இன்னான்னு கேளு."

"நீயா வாயத் தொறந்து சொல்ற வரிக்கும் நானும் அதத் தொடமாட்டேன். அந்தப் பேரு என் வாயிலயும் வராது."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் இருந்தார்களா என்றால், இல்லை. அப்படி இருந்திருந்தால் தேவலை. ஒருத்தருக்கொருத்தர் மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாப்ள, மச்சான் போய் "வாங்க", "உக்காருங்க", "சொல்லுங்க" என்றாகிவிட்டது. ஆயில் மாற்றப் போனால், "இன்னா ஆயில் ஊத்தட்டுங்க?" என்று கேட்பார் மேஸ்திரி. "நீங்க பாத்து எத ஊத்தினாலும் சரிங்க" என்பார் இவர். கேட்கிற எனக்குப் பல் கூசும்.

முதல் வருஷம் டர்போ ராஜாவாட்டம் இருந்தது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு விசில் அடித்துக்கொண்டு ஏறும். எங்களுக்கு முன்னால் கிளம்பிய பஸ்ஸைப் பாதி மலையில் தாண்டும்போது என் வீட்டுக்காரர் அந்த டிரைவரைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார். பார்க்காமல் போவதில்தான் அவருக்குச் சுகம். மலை ஊர்க்காரர்கள் விசிலைக் கேட்டதும் புளிக்கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். ஜமுனாமரத்தூர் டீக்கடைக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தி, சாவியைப் பட்டென்று திருகி எஞ்சினை அணைப்பார். அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு திடீரென்று ஒரு அமைதி வரும். எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர் அப்போதுதான் கதவைத் திறந்து இறங்குவார்.

அடுத்த மாசியில் சத்தம் மாறியது.

முதலில் விசில் கொஞ்சம் கீச்சென்றது. பிறகு நாய் ஊளையிடுகிற மாதிரி ஆனது. புகை நீலமாக வந்தது. ஏற்றத்தில் வண்டி நின்று நின்று யோசித்தது. எங்களிடம் வழக்கமாகப் புளி போடுகிற மலைக்காரப் பெண் ஒருத்தி, உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து எங்களோடு வந்துகொண்டிருந்தவள், கேபின் பக்கம் குனிந்து கேட்டாள்.

"இன்னாம்மா, வண்டிக்கு வவுத்து வலியா?"

கொஞ்ச தூரம் போனதும் அவளும் கூட வந்த ஆட்களும் இறங்கி நடந்தார்கள். குறுக்கு வழியாக ஏறி, நாங்கள் அடுத்த வளைவுக்கு வருவதற்குள் அங்கே பாறைமேல் உட்கார்ந்து, ஆளுக்கொரு பீடி பற்ற வைத்து அணைத்தும் விட்டார்கள். எங்களைப் பார்த்ததும் அவள் எழுந்து, "எறங்கித் தள்ளட்டுமா?" என்றாள். என் வீட்டுக்காரர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். அன்றைக்கு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அந்த டிரைவர் திரும்பிப் பார்த்தார், கையும் அசைத்தார்.

"டர்போ போய்டுச்சிங்க" என்றேன்.

"டீசல்ல தண்ணி கலந்து கீது."

"தண்ணி கலந்தா ஊளையிடுமா?"

"நீ புளியப் பாரு."

வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றேன். அங்கே டர்போ தெரிந்த பட்டறை இருப்பதாக லாரிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "அவன் கைய வெக்காத எஞ்சின நான் மலமேல ஓட்டமாட்டேன்." இதுதான் எங்கள் நிலைமை. நம்புகிற ஒரே ஆளிடம் சொல்லமுடியாது. சொல்லமுடிகிற ஆட்கள்மேல் நம்பிக்கை கிடையாது.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோவது, வேறு எதையாவது ரிப்பேர் என்று சொல்வது, எஞ்சினை அணைக்காமல் விட்டுவிடுவது. மேஸ்திரிக்குக் காது இருக்கிறதே, அவரே கேட்டுவிட்டுப் போகிறார்.

போனோம். எஞ்சின் ஊளையிட்டது. நீலப் புகை டீக்கடைக்குள் புகுந்து, உள்ளே இருந்தவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். மேஸ்திரி வெள்ளைச் சட்டையோடு வண்டியருகே வந்து நின்றார்.

"வாங்க. வண்டிக்கு இன்னாங்க?"

"ஹாரன்ல கொஞ்சம் கோளாறுங்க."

"இன்னா மாதிரி?"

"சத்தம் ஒரு மாதிரியா வர்துங்க."

"எந்தச் சத்தம்?"

"அதாங்க, இப்ப கேக்குதே."

"இப்ப ஹாரன் அடிக்கலியே நீங்க?"

என் வீட்டுக்காரர் ஹாரனை அடித்தார். அது கணீரென்று அடித்தது. மேஸ்திரி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடி, ரொம்ப ஆழமாகக் கேட்டார். பிறகு ஹாரனைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார். "இப்ப நல்லா கீதுங்க, போய்ட்டு வாங்க" என்றார். அவர் காது நுனி துடித்ததை நான் பார்த்தேன். பக்கத்தில் ஒரு எஞ்சின் அப்படி அழுதுகொண்டிருக்க அதைத் தொடாமல் நிற்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

அதற்கப்புறம் பிரேக் என்று போனார். பிரேக் புதிதாகிவிட்டது. வைப்பர் என்று போனார். பங்குனி வெயிலில் வைப்பர். அதையும் மேஸ்திரி சிரிக்காமல் மாற்றிக் கொடுத்தார். கதவுக் கீல், பின் விளக்கு, சீட்டு ஸ்பிரிங் எல்லாம் சரியானது. அந்த ஒன்றைத் தவிர வண்டியில் மற்றதெல்லாம் கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது. டீக்கடைக்காரர் எங்களைத் தூரத்தில் கண்டதுமே பலகாரத் தட்டை மூடி வைப்பார். "இன்னிக்கு இன்னா ரிப்பேரு?" என்று உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொன்று சொல்லிப் பந்தயம் கட்டுவார்கள்.

சீட்டு ஸ்பிரிங் மாற்றிய அன்றைக்கு நான் இறங்கிப் பின்பக்கம் மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ரவிக்கை தைப்பவர். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். குட்டையான ஆள், வாயில் எப்போதும் ஊசியோ குண்டூசியோ இருக்கும். அதை வைத்துக்கொண்டே தெளிவாகப் பேசுவார். ரவிக்கைத் துணி கொடுக்கப் போன நான், துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு எங்கள் மலைப்பாடு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இங்க மட்டும் இன்னா வாழுது?" என்றார் அண்ணி. "உங்க வண்டி வந்துட்டுப் போனா அன்னிக்கு சோறு எறங்காது அவருக்கு. சோத்துல கைய வெச்சிக்கினு மோட்டு வளையப் பாத்துக்கினு உக்காந்துருவாரு. அப்பப்ப ஊளையிடறாரு."

"அண்ணனா?"

"உங்க வண்டி மாதிரியே. எந்த எடத்துல சத்தம் மாறுதுன்னு பாக்கறாராம்."

பிறகு மிஷினை நிறுத்தி, மேலே பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். மேலே நூல்கண்டு, கீழே ஆயில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்துக் காட்டினார். பளபளவென்று சின்னச் சின்ன வளையங்களும் புஷ்ஷும்.

"உங்க டர்போவுக்குத்தான். மெட்ராஸ்லேர்ந்து ஆள் வெச்சி வாங்கிக்கினு வந்து கீறாரு. நீங்க சண்ட போட்டுக்கினு போனீங்களே, அதுலேர்ந்து பல்லு வலி, பல்லு வலின்னு வேலூருக்குப் போய்ட்டு போய்ட்டு வந்தாரு. ஒரு பல்லும் புடுங்கல, ஒரு மாத்திரயும் வாங்கல. அப்புறம் பாத்தா, அங்க ஒரு பட்டறையில டர்போ பிரிக்கறத நின்னு பாத்துட்டு வர்றாராம். நம்ம மாப்ள வண்டியில நமக்குத் தெரியாத ஒரு சாமான் இருக்கலாமான்னு ஆத்திரம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை. வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். முக்கியமான விஷயம் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

"ரெண்டும் வாயத் தொறக்காது. நாமதான் முடிக்கணும்."

"நாம போய்ச் சொன்னா, உன்ன யாரு கேட்டாங்கன்னு வுழுவாரு."

"நாம சொன்னதா எதுக்குச் சொல்லணும்? உங்க வூட்ல, மேஸ்திரி மொதல்ல சொல்லிட்டாருன்னு நீ சொல்லு. எங்க வூட்ல, மாப்ள மொதல்ல சொல்லிட்டாருன்னு நான் சொல்றேன்."

"ரெண்டு பேரும் பேசி வெச்சிக் கேட்டுக்கினா?"

"கேட்டுக்கற ஆளுங்களா இருந்தா இந்தக் கதி வருமா?"

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ரசம் ஊற்றிக்கொண்டே பேச்சை எடுத்தேன். நேராகச் சொன்னால் நம்பமாட்டார். அதனால் அண்ணி போன தடவை தைத்த ரவிக்கைக்குக் கை நீளம் வைக்கத் தெரியாமல் வைத்துவிட்டார் என்று புலம்ப ஆரம்பித்து, நடுவில் செருகினேன்.

"அவங்களுக்கு மனசே சரியில்லியாம். வூட்ல அண்ணன் கண்ணு கலங்கிட்டாராம்."

"எதுக்கு?"

"என் மாப்ள வண்டி டர்போ இன்னா ஆச்சோன்னு."

கை நின்றது. "டர்போன்னு சொன்னானா?"

"சொன்னாராம்."

"அந்தப் பேரையே சொன்னானா?"

"அதே பேருதான். ரெண்டு தபா சொன்னாராம். ஆனா நேர்ல உங்ககிட்ட கேக்க வெக்கப்படறாராம். நீங்க ஒண்ணும் கிண்டிக் கிளறாம வண்டியக் கொண்டாந்து வுட்டாப் போதும்னு அண்ணி கெஞ்சறாங்க."

என் வீட்டுக்காரர் இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். அப்புறம் அப்பளம் கேட்டார். வீட்டில் அப்பளம் இல்லை. வேறொரு நாளாக இருந்தால் அதற்கு ஒரு பேச்சு வந்திருக்கும். அன்றைக்கு, "பரவால்ல வுடு" என்றார்.

பட்டறை வீட்டில் அதே நேரத்தில் அண்ணி என்ன சொன்னார் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் பின்வாசல் வழியாக வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, டர்போ பூட்ச்சி, மச்சான்கிட்ட எந்த மொகத்தோட சொல்லுவேன்" என்று நின்றாராம். துண்டைக் கையில் பிசைந்தாராம். துண்டு நான் யோசிக்காதது. அண்ணி தொழில்காரர்.

மறுநாள் காலையில் போனோம். அந்த மாதிரி ஒரு காட்சியை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஜெயித்தவர்கள். இரண்டு பேரும் தோற்றவனிடம் பெருந்தன்மையாக நடந்துகொள்வது என்று முடிவு செய்து வந்திருந்தார்கள். வண்டி நின்றதும் மேஸ்திரி தானே வந்து கதவைத் திறந்துவிட்டார். இவர் இறங்கி அவர் தோளில் கை வைத்தார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம் மாப்ள."

"நீயும் ஒண்ணும் சொல்ல வேணாம் மச்சான்."

"எனக்குப் புரியுது."

"எனக்கும் புரியுது. மன்சன்னா அப்படித்தான்."

"அத வுடு. தப்பு எல்லார்க்கும் வர்றதுதான்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

நானும் அண்ணியும் பட்டறைத் தூணுக்குப் பின்னால் நின்று, ஒருத்தர் கையை ஒருத்தர் கிள்ளிக்கொண்டிருந்தோம். இவ்வளவு பேசியும் இரண்டு பேரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேஸ்திரி பானெட்டைத் தூக்கி, "இதக் கழட்டறேன்" என்றார். "அதையே கழட்டு" என்றார் இவர்.

கழற்றிக் கீழே இறக்கியதும் மேஸ்திரி சுத்தமான துணி கேட்டார். அண்ணி உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். அது நான் கொடுத்த ரவிக்கைத் துணி. வாயைத் திறக்க முடியாத இடத்தில் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். அதன்மேல் டர்போவைப் பிரித்து, விசிறியின் தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார். அது கிழவன் பல் மாதிரி ஆடியது. உள்ளே ஆயில் போகிற குழாயைத் தட்டினார். கரிக்கட்டியாக உதிர்ந்தது.

"மாப்ள, மேல போய் நிறுத்தினதும் எஞ்சின இன்னா பண்ற?"

"அணச்சிடுவேன்."

"ஒடனேவா?"

"ஒடனே."

"அடப்பாவி. நெருப்பா காஞ்சி நிக்கற எடத்துல ஆயில் ஓட்டத்த நிறுத்தினா, உள்ள நிக்கற ஆயில் அப்படியே வெந்து கரியாப் பூடும். மல ஏறி நின்னா, ஒரு வெத்தல போட்டு துப்பற நேரம் எஞ்சின் சும்மா ஓடணும். அப்புறந்தான் சாவியத் தொடணும்."

ஜமுனாமரத்தூரில் கதவைத் திறந்து இறங்குகிற அந்த அமைதி போய்விட்டது என்று என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வெற்றி பெற்றவர் என்பதால் பொறுத்துக்கொண்டார்.

மேஸ்திரி அன்றைக்கு வேலை செய்ததைப் பார்த்தவர்கள், அவர் பிறந்ததிலிருந்தே டர்போ பிரிக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் பக்கத்தில் நின்ற எனக்கு அவர் உதடு அசைவது தெரிந்தது. வேலூரில் பார்த்ததை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தார். ஒரு வளையத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே யாருக்கும் தெரியாத மாதிரி எடுத்து நேராகப் போட்டார். பிஸ்கட் டின்னிலிருந்து சாமான்கள் வந்தபோது, "இதெல்லாம் எப்ப வாங்கி வெச்ச?" என்று இவர் கேட்டார். "பட்டறைன்னா எல்லாம் இருக்கும்" என்றார் மேஸ்திரி. மத்தியானம் எல்லாம் பூட்டி முடித்து ஸ்டார்ட் செய்தபோது ஊளை இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்ததும் மெல்லிசாக, இழுத்து, பழைய விசில் வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மேஸ்திரி சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். ஒரு பொட்டு இல்லை. என் ரவிக்கைத் துணியை அடுப்புப் பிடிதுணியாகத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது.

சந்தை நாளன்று உப்பும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மலை ஏறினோம். ஏற்றத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று மேஸ்திரி வந்தார். மலையடிவாரத்திலேயே இத்தனை வருஷம் இருந்தும் மலையைப் பார்த்ததில்லை என்று அண்ணியும் ஏறிக்கொண்டார். வண்டி பிய்த்துக்கொண்டு போனது. பஸ்ஸைத் தாண்டும்போது என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் திரும்பவில்லை; அவருக்கும் சேர்த்து மேஸ்திரி ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்தார்.

மேலே டீக்கடைக்கு எதிரே நிறுத்தினோம். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி வெற்றிலை போட்டுக்கொண்டு காவல் நின்றார். அந்தச் சத்தத்தில் பேச வேண்டுமானால் கத்தித்தான் பேச வேண்டும். மனசு நிறைந்துபோய் மேஸ்திரி கத்தினார்.

"மாப்ள, நீ வந்து துண்டக் கையில புடிச்சிக்கினு நின்னியாமே, அதக் கேட்டதும் என் மனசு எறங்கிட்ச்சி."

"இன்னாது? எந்தத் துண்டு? நீதான டர்போ டர்போன்னு கண்ணு கலங்கினது?"

"நானா? நானா கலங்கினேன்?"

டீ குடித்துக்கொண்டிருந்த மலைக்காரர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு இரண்டு முகமும் சேர்ந்து எங்கள் பக்கம் திரும்பியது. அண்ணி டீயை ஒரு வாய் குடித்து, "மலத்தண்ணியில டீ நல்லா கீது" என்றார்.

சரக்கை இறக்கிப் புளி ஏற்றும் வரைக்கும் இரண்டு பேரும் தனியாக ஒரு மரத்தடியில் நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். நான் கடைசிக் கூடைப் புளியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போது விசில் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், லாரி போய்க்கொண்டிருந்தது. மேஸ்திரி ஜன்னலிலிருந்து எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"வுட்டுட்டுப் போறாங்க!" என்றேன்.

"போவட்டும்" என்றார் அண்ணி. "சந்தைய நிம்மதியா பாக்கலாம்."

பார்த்தோம். எண்ணெய் சொட்டச் சொட்ட போண்டா தின்றோம். அண்ணி ஒரு பாட்டில் மலைத்தேன் வாங்கி, அது அசல்தானா என்று கடைக்காரனோடு அரை மணி நேரம் சண்டை போட்டார். எங்களிடம் புளி போடுகிற அந்த மலைக்காரப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னபோது, அவள் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து சிரித்தாள். வெயில் தாழ்ந்ததும் பஸ் பிடித்தோம்.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவில் எங்கள் லாரி ஓரமாக நின்றிருந்தது. மறுபடியும் போய்விட்டது என்றே நினைத்தேன். கிட்டே போனபோது எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. பானெட் திறந்திருந்தது. இரண்டு பேரும் தலையை உள்ளே விட்டு, ஒருவர் ஆக்சிலேட்டர் கம்பியை இழுக்க, இன்னொருவர் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விசில் ஏறும், இறங்கும். மறுபடி ஏறும். பஸ் அவர்களை உரசுகிற மாதிரி தாண்டியும் நிமிரவில்லை.

கண்டக்டர் எங்கள் வண்டியை அடையாளம் தெரிந்து, "நிறுத்தட்டுமாம்மா?" என்றார்.

"வேணாம் போங்க" என்றார் அண்ணி.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்கள். வாசலில் உட்கார்ந்து நாங்கள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள்.

"உங்களத் தேடிக்கினு மறுபடியும் மேல போய்ட்டு வர்றோம்" என்றார் மேஸ்திரி. "சந்தையில எங்கயும் காணோம். பயந்தே பூட்டோம்."

"ஆமா, ரொம்ப பயந்துட்டோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணி முறத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். "பாவம், களச்சிப்போய் வந்து கீறீங்க. கை கால் கழுவிக்கினு வாங்க, சோறு போடறேன்" என்றார். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்து, விசில் ஏற்றத்தில் நன்றாக இருந்ததா இறக்கத்தில் நன்றாக இருந்ததா என்று வாய் நிறையச் சோற்றோடு வாதாட ஆரம்பித்தார்கள். குழம்பு ஆறுகிறது என்று அண்ணி சொன்னது அவர்கள் காதில் விழவே இல்லை.